எச்ஐவி பரிசோதனை: நம்பிக்கை மையமா, நம்ம அமைப்பா?

எங்கே போய் டெஸ்ட் எடுக்கலாம் என்று திருநங்கைத் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையமா, திருநங்கைகளே நடத்தும் அமைப்பா?

செலவு: இரண்டிலும் இலவசம்.

முடிவு: அமைப்பில் விரல் நுனியில் குத்தி முதல்கட்டச் சோதனை மட்டும். பாசிட்டிவ் என்று தெரிந்தால் உறுதிப்படுத்த நம்பிக்கை மையத்துக்குத்தான் போக வேண்டும். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் அரசு ஏஆர்டி மாத்திரையும் 2004 முதல் இலவசம்தான்.

மரியாதை: இங்கேதான் பெரிய வித்தியாசம். ஓபி வரிசையில் பழைய ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்தால், அடுத்த முறை யார் போவார்கள்? அமைப்பில் அந்தக் கூச்சம் இல்லை, ஆணுறை பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம்.

ரகசியம்: 2017 எச்ஐவி சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் அனுமதியில்லாமல் யாரும் முடிவை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் அமைப்பில் இருப்பவர் உங்கள் குருவான மூத்த திருநங்கைக்கே தெரிந்தவராக இருப்பாரே! ஜமாத்தில், அதாவது நம்ம திருநங்கைகள் கூட்டத்தில், சேதி பரவுமோ என்ற பயம் நியாயமானதுதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு அமைப்புதான் சரி. ஜமாத்துக்குத் தெரியவே கூடாதென்றால் வேறு ஊர் நம்பிக்கை மையம். குழப்பமாக இருந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.