பழகிய முகமா, குறைத்த முகமா, திறந்துவிட்ட முகமா: திறமூல மென்பொருள் சாமானியரை அணுகும் மூன்று வழிகள்

வேர்டில் எழுதி யாரோ அனுப்பிய கடிதம் ஒன்றை லிப்ரெஆபிஸ் என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) அலுவலக மென்பொருளில் திறந்து, ஒரு வரியைத் திருத்திவிட்டு, கன்ட்ரோல்-எஸ் அழுத்தும் புதியவரை அருகில் இருந்து பார்த்தால் ஒன்று விளங்கும். திரையில் ஒரு பெட்டி எழுகிறது. இந்த ஆவணத்தில் உள்ள சில அம்சங்களை இப்போதைய வடிவத்தில் சேமிக்க இயலாமல் போகலாம் என்று எச்சரித்து, வேர்ட் வடிவிலேயே வைப்பதா, லிப்ரெஆபிஸின் இயல்பு வடிவமான ஓடிஎஃப்-க்கு மாற்றுவதா என்று கேட்கிறது. கேள்வி நேர்மையானதுதான். ஆனால் ஓடிஎஃப் என்ற பெயரையே கேள்விப்படாதவர், தன் கடிதம் அழியப்போகிறதோ என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். திறமூல மென்பொருள் கடினமானது என்று அவர் பிறகு சொல்வது பட்டன்களின் தோற்றத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அன்று. தன்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியைத் தன்னிடம் கேட்டுவிட்டார்களே என்ற சங்கடத்தைப் பற்றித்தான். ஆகவே, சாமானியருக்கு நெருக்கமாக வரத் திறமூல உலகம் இதுவரை எடுத்த மூன்று வழிகளையும், அவை இத்தகைய கேள்விகளை எவ்வளவு குறைத்தன என்ற ஒரே அளவுகோலால் பார்ப்பது நல்லது.

முதல் வழி, பழகிய முகத்தை அணிவது. விண்டோஸுக்கு மாற்றாக 2006-இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இதற்குச் சரியான சான்று. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று அதன் சின்னமன் இடைமுகம் விண்டோஸில் பழகிய கைக்கு எதையும் புதிதாகக் கற்றுத்தருவதில்லை. நிறுவும்போதே ஒரு பெட்டியில் டிக் செய்தால், பாட்டும் படமும் ஓடத் தேவையான கோடெக்குகள் என்ற துணை நிரல்கள் சேர்ந்துவிடுகின்றன. லிப்ரெஆபிஸும் இதே திசையில் நடந்தது: மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2007-இல் கொண்டுவந்த ரிப்பனை ஒத்த தாவல் வடிவப் பட்டையை 2017-இல் 5.3 பதிப்பில் சோதனையாகத் தந்து, 2019-இல் 6.2 பதிப்பில் முறையாக வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒப்புமை இதைவிட முக்கியமானது. கலிப்ரி எழுத்துருவின் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு வடிக்கப்பட்டிருப்பதால்தான், வேறிடத்தில் தட்டச்சு செய்த கடிதம் இங்கே திறக்கும்போது வரிகள் இடம் மாறாமல் நிற்கின்றன. இந்த வழியின் பலவீனம் முகம் ஒன்றாகவும் குணம் வேறாகவும் இருப்பதில் உள்ளது. விண்டோஸ் போலவே இருக்கிறதே என்று நம்பி விண்டோஸுக்கென்றே அமைந்த ஓர் எக்ஸ்இ கோப்பை இறக்கி இரட்டைச் சொடுக்கு செய்பவருக்கு, அது ஏன் ஓடவில்லை என்பதைத் திரை விளக்குவதில்லை.

இரண்டாவது வழி, குறைத்துக் காட்டுவது. லினக்ஸுக்கு டெஸ்க்டாப் இடைமுகம் வடிக்கும் க்னோம் திட்டத்தின் போக்கு இது. 2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3 இதன் உச்சம். சாளரங்களிலிருந்து மினிமைஸ் பட்டன் போயிற்று, டாஸ்க்பார் போயிற்று. கணினியை அணைக்கும் கட்டளைகூட மெனுவில் நேரடியாகத் தெரியவில்லை; ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் தோன்றியது. கேள்விகளைக் குறைக்கப் புறப்பட்டவர்கள், கணினியை எப்படி அணைப்பது என்ற புதுக் கேள்வியைப் பரிசளித்தார்கள். அது பின்னர் திருத்தப்பட்டது என்றாலும், அந்தக் கோபத்தில்தான் பழைய க்னோம் 2-ஐத் தொடரும் மாட்டே இடைமுகமும், மேலே சொன்ன சின்னமனும் பிறந்தன.

இருந்தும் க்னோமைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. நாட்டிலஸ் என்றிருந்த கோப்பு மேலாளரைத் திரையில் வெறுமனே ‘கோப்புகள்’ என்று அழைக்கத் துணிந்தவர்கள் அவர்கள். டால்ஃபின், ஓகுலர், க்வென்வியூ என்று பெயர் சூட்டும், கேடிஈ என்ற மற்றொரு டெஸ்க்டாப் திட்டத்தின் உலகில், எது படம் காட்டும், எது பிடிஎஃப் திறக்கும் என்று புதியவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. (க்னோமின் பொதுப் பெயருக்கும் ஒரு விலை உண்டு: சிக்கல் வந்தால் ‘கோப்புகள் திறக்கவில்லை’ என்று தேடி எதையும் கண்டுபிடிக்க முடியாது, ‘நாட்டிலஸ்’ என்று தேடினால்தான் விடை கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரைத்தான் மறைத்துவிட்டார்களே!) விண்டோஸையே பார்த்திராமல், தொடுதிரைக் கைபேசியில் வளர்ந்து முதன்முதலாக மேசைக் கணினிக்கு வருபவருக்கு க்னோமின் வெற்றுத் திரையும் பெரிய ஐகான்களும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வேண்டியதை வேண்டியபடி அமைத்துக்கொள்ளச் சொல்வது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கேடிஈயின் பிளாஸ்மா இடைமுகம் அப்படிப்பட்டது. நூறு அமைப்புகள் இருப்பதைக் குறையென்று பலர் சொல்வர். நான் அப்படி நினைக்கவில்லை. அமைப்புப் பக்கத்தையே திறக்காதவருக்கு அங்கே நூறு இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன? அவரைத் தொடுவது இயல்பாக வரும் நிலை மட்டுமே. பிளாஸ்மாவில் நெடுங்காலம் ஒரே சொடுக்கில் கோப்புகள் திறந்தன. இரட்டைச் சொடுக்கில் பழகிய விரல், கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போய் அதைத் திறந்துவிடும். மாற்றும் வசதி அப்போதும் உள்ளே இருந்தது. ஆனால் அப்படியொரு வசதி இருப்பது தெரிந்தவருக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்பட்டவருக்கு அது தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 இரட்டைச் சொடுக்கையே இயல்பாக்கியது. ஒரு புது வசதியையும் சேர்க்காமல் செய்த இந்தச் சிறு மாற்றம், சாமானியருக்கு மூன்றாம் வழியைக் கணிசமாக நெருக்கமாக்கியிருக்கிறது.

இயல்புநிலையின் வலிமைக்கு இன்னும் தெளிவான சாட்சி பிளெண்டர். முப்பரிமாண வேலைக்கான இந்த மென்பொருளில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது பட்டனை அழுத்த வேண்டும் என்ற விசித்திரம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2019 ஜூலையில் 2.80 பதிப்பு இடது பட்டனை இயல்பாக்கியதோடு, பழையவர்கள் கோபிக்காதபடி, முதன்முறை திறக்கும்போதே எந்தப் பட்டன் வேண்டும் என்று கேட்டுவிடுகிறது. இதுவும் கேள்விதான், ஆனால் எவரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி. படங்களைத் திருத்தும் கிம்ப்பில் நிலைமை வேறு. 2012-இல் வந்த 2.8 பதிப்பு, சிதறிக் கிடந்த சாளரங்களை ஒன்றாக்கும் வசதியைத் தந்தது. அதே பதிப்பில் ‘சேமி’ என்பது கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-க்கு மட்டும் என்றானது. ஒரு புகைப்படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சேமிக்கப் போகிறவர் பெயருக்குப் பின் ஜேபெக் என்று தட்டினால், அதற்கு ‘ஏற்றுமதி’க்குப் போகுமாறு கிம்ப் அறிவுறுத்துகிறது. அடுக்குகளோடு வேலை செய்யும் ஓவியருக்கு அது பாதுகாப்பு. ஓரத்தை மட்டும் வெட்ட வந்தவருக்கு வீண் அலைச்சல்.

விண்டோஸிலிருந்து வருபவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்றால், தயங்காமல் முதல் வழியையே, அதாவது மின்ட்டையே சொல்வேன். புதிதாகத் தொடங்குபவருக்கு க்னோம். பக்கத்தில் அமைத்துக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் பிளாஸ்மா மூன்றிலும் சிறந்தது. ஏனெனில் அந்த ஆள் ஒருமுறை செய்துவைத்த ஏற்பாடு அப்படியே நிற்கும்.

ஆனால் இந்த மூன்றையும்விட அதிகம் பேரைச் சென்றடைந்தவை, இயங்குதளத்தைத் தொடாமலேயே நுழைந்த மென்பொருள்கள். 2004 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 1.0 உலாவி ஒன்று, பாரிஸ் அருகே மாணவர் திட்டமாகத் தொடங்கிய வி.எல்.சி. பிளேயர் மற்றொன்று. வி.எல்.சி.யின் முகம் அழகானது என்று யாரும் வாதிடமாட்டார்கள். மற்ற பிளேயர்கள் கோடெக் இல்லை என்று கைவிரித்த காலத்தில், அது கோடெக்குகளைத் தன்னுள்ளேயே சுமந்து வந்து, கேள்வி எழவே விடாமல் செய்தது. அதன் அமைப்புப் பக்கத்தின் அடியில் ‘எளியது’, ‘அனைத்தும்’ என்று இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒரே பக்கத்தில் சண்டையின்றிக் குடியிருக்கும் இடம் அது.

முழு இயங்குதளத்தையும் மாற்றச் சொல்லும்போது மூன்று வழிகளும் ஒரே வாசலில் இடறுகின்றன. இயங்குதளம் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதை யுஎஸ்பி-யில் எழுதி, கணினி துவங்கும் நொடியில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் ஏதோ ஒரு விசையை அழுத்தி, செக்யூர் பூட் என்றால் என்னவென்று குழம்பி முடிப்பதற்குள், இடைமுகத்தில் எவ்வளவு கேள்விகளைக் குறைத்தார்களோ அவ்வளவும் வட்டியோடு திரும்பி வந்துவிடுகின்றன. 2022-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினி, லினக்ஸை முன்கூட்டியே சுமந்து வந்து, அந்த வாசலையே எடுத்துவிட்டது. அதில் ‘டெஸ்க்டாப்புக்கு மாறு’ என்பதைத் தொடுபவர் முன் வந்து நிற்பது கேடிஈ பிளாஸ்மா. தான் லினக்ஸுக்கு மாறியிருக்கிறோம் என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.