கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சேவை: திருப்பூர் அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இணைப்பு இருந்தும் தளம் திறக்காத நிலை திருப்பூரின் சிறு ஏற்றுமதி அலுவலகங்களுக்குப் பழக்கமானது. வாட்ஸ்அப்பில் பேச்சு தடையின்றிப் போய்க்கொண்டிருக்கும். ஜிஎஸ்டி தளமோ, பையரின் ஆர்டர் தளமோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் இது அடிக்கடி நேர்ந்தபோது, வேகம் கூடிய திட்டத்துக்கு மாறும்படி இணைப்பு கொடுத்த நிறுவனம் சொன்னது. பணம் கூடுதலாகக் கட்டுவதற்கு முன், ரூட்டரின் டிஎன்எஸ் கட்டத்தில், கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் நடத்தும் பெயர் தேடும் சர்வரின் எண்ணான 1.1.1.1-ஐ இட்டுப் பார்த்தோம். தளங்கள் உடனே திறந்தன. குறை வரியின் வேகத்தில் இல்லை, தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் இணைப்பு நிறுவனத்தின் சர்வரில்தான் இருந்தது.

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் இந்தச் சேவையை எடைபோட முடியும். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடைகின்றன. நாம் தட்டச்சு செய்யும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். முன்பு எல்லாப் பெயர்களும் எண்களும் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. அதை ஒவ்வொருவரும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்காமல் போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பொறுப்பைப் பல அடுக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் இன்றைய முறையை வடிவமைத்தார்.

ஒரு திருப்பூர் நிறுவனத்தின் பெயர் 'டாட் இன்' என்று முடிவதாக வைத்துக்கொள்வோம். தேடித் தரும் சர்வர் அந்தப் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. முதலில், எல்லாப் பெயர்களுக்கும் தேடல் தொடங்கும் இடமான வேர் சர்வரிடம் போகிறது. அங்கே 'இன்' என்று முடியும் பெயர்களுக்கான பதிவேட்டின் சர்வர்கள் எவை என்ற விவரம் மட்டும் கிடைக்கிறது. அந்தப் பதிவேட்டிடம் கேட்டால், குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரை வைத்திருக்கும் சர்வர் எது என்று சொல்கிறது. மூன்றாவதாக அந்தச் சர்வரிடம் கேட்கும்போதுதான் எண் கிடைக்கிறது. பேருந்து நிலையத்தில் வழி கேட்டவருக்கு அனுப்பர்பாளையம் என்று ஊரையும், அங்கே தெருவையும், தெருவில் பாத்திரப் பட்டறையையும் ஒவ்வொருவர் காட்டிவிடுவதைப் போன்றது இது. வேர் சர்வர்களின் பெயர்கள் 13தான் என்றாலும், அவற்றின் நகல்கள் ஆயிரத்துக்கும் மேலாக உலகெங்கும் இயங்குகின்றன.

கிடைத்த விடையை, பெயரின் உரிமையாளர் குறித்து வைத்த காலம் வரை சர்வர் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தக் காலம் 300 விநாடியாகவும் இருக்கலாம், 86,400 விநாடியாகவும், அதாவது முழு நாளாகவும் இருக்கலாம். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய பக்கமே தெரிவது இதனால்தான். கிளவுட்ஃபிளேர் இதற்கென ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அங்கே பெயரைக் கொடுத்தால் தன் நினைவிலிருந்து பழைய விடையை அழித்துவிடுகிறது. சொந்தத் தளம் வைத்திருக்கும் தொழில் நிறுவனங்களுக்கு இது மிகவும் பயன்படும் வசதி.

2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணமோ பதிவோ கிடையாது. நான் இதை மதிப்பதற்கு வேகத்தைவிட நேர்மையே முதற்காரணம். இல்லாத பெயரைத் தவறாக அடித்தால் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் சில இணைப்பு நிறுவனங்களிடம் உண்டு. இங்கே அப்படியொரு பெயர் இல்லை என்ற விடையே வருகிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில், 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை இடையில் புள்ளி வைத்து நான்கு முறை எழுதிச் சேமித்தால், கேள்வியும் விடையும் பூட்டப்பட்டுச் செல்கின்றன. இடையில் இருப்பவரால் நாம் கேட்கும் பெயர்களைப் படிக்க முடியாது. ஆனால் கிளவுட்ஃபிளேர் அவற்றை அறியும் என்பதையும், யாரோ ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேகம் பற்றி மிகைப்பட எதிர்பார்க்க வேண்டாம். பெயர் தேடும் நேரம்தான் குறையும். டிசைன் கோப்பு இறங்கும் வேகம் அதிகரிக்காது. சென்னையிலும் மும்பையிலும் கிளவுட்ஃபிளேரின் மையங்கள் இருந்தாலும், நம் கேள்வி எந்த மையத்தைச் சென்றடையும் என்பதை நம் இணைப்பு நிறுவனத்தின் வழியமைப்பே தீர்மானிக்கிறது. ஆகவே கோவையில் கிடைக்கும் பலன் கோபியிலும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1.1.1.1 என்ற எண்ணையே தம் உள்வேலைக்கு எடுத்துக்கொண்ட பழைய கருவிகள் சிலவற்றில் இந்தச் சேவை கிடைக்காது, அங்கே 1.0.0.1 என்ற இணை எண்ணை முயலலாம்.

மாற்று ஏற்பாடாக அந்த இணை எண்ணை மட்டுமே நம்பியிருப்பது சரியன்று. 2025 ஜூலை 14 அன்று, உலக நேரப்படி இரவில், கிளவுட்ஃபிளேரின் உள் அமைப்பில் நேர்ந்த பிழையால் சுமார் ஒரு மணி நேரம் இரண்டு எண்களுமே உலகின் பெரும்பகுதியில் எட்டாமல் போயின. ஆகவே அலுவலக ரூட்டரின் இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது குவாட்9 என்ற அமைப்பின் 9.9.9.9 போன்ற வேறொருவரின் எண்ணை இடுவதே பாதுகாப்பு. வீட்டில் பிள்ளைகளுக்காக ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3-ஐ வைப்பவர்கள் மட்டும் இரண்டாவது கட்டத்தில் அதன் இணை எண்ணான 1.0.0.3-ஐயே இட வேண்டும். வேறு எண் இருந்தால் கருவி சில நேரம் அதனிடம் கேட்டுவிடும், தடுப்பும் பயனற்றுப் போகும்.