பீட்டிலின்ர பின் அச்சு நட்: டோர்க் ரெஞ்சோ, நாலடிப் பைப்போ?

போன மாசம் எங்கட பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காருக்குப் பின் சில்லு ரெண்டிலயும் ஒயில் சீல் மாத்தினனாங்கள். சீல் மாத்துறது ஒரு வேலையே இல்ல, பிரேக் ட்ரம் கழண்டு வந்தாச் சரி. திரும்பப் பூட்டேக்கதான் கதை. நடுவில இருக்கிற அந்த 36 மில்லிமீட்டர் நட்டை எதால இறுக்கிறது எண்டதில வளவுக்க நிண்ட நாலு பேரும் நாலு விதம் சொல்லிச்சினம். நான் எல்லாத்தையும் ஒருக்கா ஒருக்காச் செய்து பாத்திட்டன். முதலே சொல்லிப்போடுறன், நான் பைப் பக்கம், அதாவது சொக்கெற் பாரில நீளப் பைப்பைச் செருகி அதில ஏறி நிண்டு இறுக்கிற பக்கம்.

எவ்வளவு இறுக்கோணும் எண்டதில சண்டையில்ல. 30 கிலோகிராம்-மீட்டர், மற்றக் கணக்கில 217 பவுண்ட்-அடி, 294 நியூட்டன்-மீட்டர். இவ்வளவும் ஏனெண்டா ட்ரம் அச்சில இருக்கிற பல்லிலதான் குந்தியிருக்கு, நட் அதை உள்ளுக்கு அமத்திப் பிடிச்சாத்தான் அது ஆடாது. நட் கொஞ்சம் இளகினாலும் நீங்க ஆக்சிலேற்றரை மிதிக்கேக்கயும் விடேக்கயும் ட்ரம் ஒரு மயிரளவு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும், ஆடி ஆடிப் பல்லை அரைச்சுப்போடும். எனக்கு நடந்தது அதுதான். கீரிமலையால வரேக்க பின்பக்கம் டொக் டொக் எண்டு கேட்டது, வீட்டில போய்ப் பாப்பம் எண்டு விட்டன், மற்ற நாள் காலம கியர் போட்டுக் கிளச்சை விட எஞ்சின் கத்துது, கார் நிண்ட இடத்திலயே நிக்குது. ஒரு பக்கப் பல்லு முழுக்க வழிச்சிட்டுது, ரெண்டு சில்லுக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல் இருக்கிறபடியால் சுத்துறது எல்லாம் அந்தப் பக்கமே போய்டும், மற்றச் சில்லு சும்மா பாத்துக்கொண்டிருக்கும். பின் பிரேக்கும் அந்தப் பக்கம் இல்ல எண்டு பிறகுதான் மூளையில ஏறினது. கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய ட்ரம் ஒண்டு எடுத்து பஸ்ஸில வந்து சேர மூண்டு கிழமை.

அந்த நட்டை முன்னம் இறுக்கினது உளியும் சுத்தியலும். நட்டின்ர வெட்டில உளியை வைச்சு அடி அடியெண்டு அடிக்கிறது. ஊரில முக்கால்வாசிப் பேர் இப்பிடித்தான். "தம்பி, முப்பது வரியமா இப்பிடித்தான் இறுக்கிறன், ஒருத்தன்ர சில்லும் கழரேல்ல" எண்டார் எங்கட மெக்கானிக் அண்ணை. அவரைக் குறைச்சுச் சொல்ல ஏலாது, தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாத காலத்தில ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் துளிப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட விட்ட கையள் இதுகள். ஆனா அடியில அளவு இல்ல. நட்டின்ர விளிம்பு உடையிற சத்தமும் நட் இறுகிற சத்தமும் கேக்க ஒண்டுதான். அதை விடுவம்.

ரயர் கடையில இருக்கிற காத்துத் துவக்கு கழட்டத் திறம், ரெண்டு செக்கனில வரும். இறுக்க வேண்டாம். அண்டைக்குக் கொம்பிறசரில எவ்வளவு காத்து நிக்குதோ அவ்வளவுதான் இறுக்கம்.

இனி டோர்க் ரெஞ்ச், வைச்ச அளவுக்கு இறுகினா ‘டக்’ எண்டு சொல்லுற சாமான். என்னட்ட சொக்கெற் பூட்டுற முனை அரை இஞ்சியில ஒண்டு இருக்கு, 210 நியூட்டன்-மீட்டரோட முடிஞ்சிடும், இந்த நட்டுக்குக் காணாது. முக்கால் இஞ்சி பெரிசு வேணும். லொறி கராச் ஒண்டில இரவல் வாங்கினனான், என்ர உயரத்துக்குக் கிட்ட நீளம், 294இல வைச்சு இழுக்க ‘டக்’ எண்டுது, மனசுக்கு நல்ல சுகமாத்தான் இருந்தது. இடக்கைப் பக்கச் சில்லை அதால இறுக்கிப்போட்டு பைப்பை வைச்சு ஏறி நிண்டன், நட் அசையேல்ல. வலக்கைப் பக்கம் பைப்பால முதல் இறுக்கி, பிறகு ரெஞ்சைப் போட்டா உடன ‘டக்’. ரெண்டும் ஒண்டு எண்டு நான் குதிக்கேல்ல, ஏனெண்டா நிண்டுபோன நட்டைத் திரும்ப அசைக்கக் கொஞ்சம் கூடப் பலம் வேணும், அதால சின்ன வித்தியாசம் இருந்தாலும் இதில தெரியவராது.

ஆனா என்னைப் பைப் பக்கம் திருப்பினது இறுக்கமில்ல, பராமரிப்பு. அந்த ரெஞ்சுக்க இருக்கிறது ஒரு ஸ்பிரிங். வேலை முடியக் கடைசி அளவுக்கு இறக்கி வைக்கோணும், இல்லாட்டி ஸ்பிரிங் சோர்ந்துபோம். கீழ விழக்கூடாது, அதால நட் கழட்டக்கூடாது. நான் வாங்கப் போகேக்க அது 400இல வைச்சபடி சுவரில தொங்குது, பிடியில துரு, எங்கட கடல் காத்துக்குத் துருப்பிடிக்காட்டித்தான் அதிசயம். அது ‘டக்’ எண்டு சொல்லேக்க உண்மையில 294ஓ 250ஓ எண்டு ஆருக்குத் தெரியும்? சரி பாக்கக் குடுப்பம் எண்டு ரவுனுக்க விசாரிச்சா எல்லாரும் கொழும்பைக் காட்டினம். வீட்டிலயே சரி பாக்கிற வழி ஒண்டு இருக்கு, ரெஞ்சை வைஸில பூட்டி, அளந்த தூரத்தில தெரிஞ்ச பாரமொண்டைக் கட்டித் தொங்கவிட்டு எதில ‘டக்’ எண்டுது எண்டு பாக்கிறது. இதை யோசிச்சுக்கொண்டிருக்கேக்கதான் சிரிப்பு வந்தது. ரெஞ்சைச் சரி பாக்கவே பாரமும் அளவு நாடாவும்தான் வேணுமெண்டா, அந்தப் பாரத்தையே நேர நட்டில வைச்சா என்ன?

அதுதான் பைப் முறை. 30ஐ உங்கட கிலோவால வகுங்கோ, வாறது நட்டிலயிருந்து நீங்க ஏறி நிக்கிற இடத்துக்கு மீட்டரில தூரம். நான் 75 கிலோ, அப்ப 40 சென்ரிமீட்டர். 60 கிலோ மகனுக்கு 50. 50 கிலோ சீமெந்து மூட்டைக்கு 60, மூட்டை கட்டுறது கரைச்சல், மனுசன் ஏறி நிக்கிறது லேசு. என்ர நிறையைச் சுன்னாகம் சந்தையில வெங்காயம் நிறுக்கிற தராசில ஏறிப் பாத்தனான், அந்தத் தராசில பிழையெண்டா வெங்காயக்காரர் விட்டிருக்க மாட்டினம். பைப்புக்கு ஸ்பிரிங் இல்ல, மூண்டு வரியம் கிணத்தடியில கிடந்தாலும் 40 சென்ரிமீட்டர் 40தான்.

செய்யேக்க ரெண்டு மூண்டு கவனம். காரை ஜாக்கில வைச்சுச் செய்யாதேங்கோ, சில்லு நிலத்தில இருக்கோணும், கல்லுக் குடுத்து ஹேண்ட் பிரேக்கும் போடுங்கோ, ரிம்முக்கு நடுவால சொக்கெற் உள்ள போகும். சில்லைப் பாத்து நிண்டு பாரை வலக்கைப் பக்கம் நீட்டுங்கோ, ரெண்டு பக்கமும் அப்பிடித்தான். தூரத்தை நட்டின்ர நடுவிலயிருந்து அளந்து பைப்பில பெயின்ற் கோடு போடுங்கோ. பார் நிலத்துக்கு மட்டமா நிக்கேக்க மட்டும்தான் இந்தக் கணக்குச் சரி. 30 பாகை சரிஞ்சா 100க்கு 87தான் போகும், 45 சரிஞ்சா 71, அப்ப இறங்கி சொக்கெற்றைத் திரும்பப் போடோணும். மெல்ல ஏறி ஒற்றைக் காலில முழுப் பாரத்தையும் விடுங்கோ, துள்ளாதேங்கோ, கூரையைப் பிடிச்சுத் தொங்கினா உங்கட பாரம் கூரைக்குப் போய்டும்.

அளவு வந்தாப் பிறகு, நட் கழராமல் குத்துற ஸ்பிலிட் பின் ஓட்டைக்கு நட்டின்ர வெட்டு நேர வராட்டி, இன்னும் இறுக்கி அடுத்த வெட்டுக்குப் போகோணும், பின்னுக்கு ஒருநாளும் விடக்கூடாது. இதை யோசிச்சுப் பாருங்கோ. ஆயிரக்கணக்கில குடுத்து வாங்கின ரெஞ்ச் துல்லியமா 294 எண்டு சொன்ன கையோட நீங்க அதைத் தாண்டிப் போறியள். அப்ப இந்த நட்டுக்கு வேண்டியது குறையாமல் இருக்கிறதுதானே, அதைப் பைப் சொல்லும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிப்போட்டு பின்னைக் கழட்டித் திரும்ப ஏறி நிண்டு பாருங்கோ, என்ர வலக்கைப் பக்கம் இன்னொரு வெட்டு இறுகினது. இரவல் ரெஞ்செண்டா இதுக்கு ரெண்டாந்தரம் ஆர் போய்க் கேக்கிறது.

கனடாவில இருந்து வந்த கூட்டாளி ஒராள் பல்லுச்சக்கரம் வைச்ச சாமான் ஒண்டு கொண்டு வந்தவர், நீங்க குடுக்கிற பலத்தை 9 மடங்காக்கும், சின்ன ரெஞ்சால 24 பவுண்ட்-அடி குடுத்தா 216 வரும். கழட்ட அதைப்போல ஒண்டுமில்ல. ஒரே ஒரு தரம்தான் பாவிச்சனான், உள்ளுக்க உராய்வில எவ்வளவு போகுது எண்டு அளக்கேல்ல, அதால இறுக்க அதை நம்பலாமோ எண்டு கேக்காதேங்கோ. ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வைச்சிருக்கிறவையும் 30ஐ அப்பிடியே எடுக்க வேண்டாம், உங்கட வண்டிப் புத்தகத்தில இருக்கிற எண்ணைப் போட்டு வகுங்கோ.

முன் சில்லுக்கு மட்டும் இந்தப் பைப்போட கிட்டப் போகாதேங்கோ. அங்க இருக்கிற நட் பெயரிங்கைச் சரிக்கட்டுற நட், கையால ஆட்டினா ஒரு துளி ஆட்டம் தெரியிற அளவில விடோணும். இடக்கை முன் சில்லில மரை இடம்புரி, அது தெரியாமல் நான் அரை மணித்தியாலம் கழட்டுறன் எண்டு இறுக்கிக்கொண்டு நிண்டனான்.