வங்கியா, வீட்டுவசதி நிதி நிறுவனமா: வட்டி மாறும் விதத்தைப் பாருங்கள்

இந்தியாவில் வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வட்டி எவ்வளவு என்பதைத்தான். வங்கிக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடோ, அந்த வட்டி நாளை எந்த விதிப்படி மாறும் என்பதில் இருக்கிறது.

2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி) போன்ற, வங்கி தானே வகுக்காத வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தபோது, ரெப்போவுடன் இணைந்த கடன்களுக்கு அந்தக் குறைப்பு அடுத்த திருத்தத்திலேயே கிடைத்தது. ஏற்றத்துக்கும் இதே விதிதான்: 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 2.5 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தபோது, பலருக்கு மாதத் தவணை மாறாமல், கடன் முடியும் காலம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தமது அடிப்படை வட்டியைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. சேமிப்புக் கணக்குப் பணம் அவற்றிடம் கிடையாது. வங்கிக் கடன், கடன் பத்திரம், தேசிய வீட்டுவசதி வங்கியின் மறுநிதி (வீட்டுக் கடன் தருவதற்காக அது இந்நிறுவனங்களுக்குத் தரும் கடன்) ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருக்கின்றன. வங்கியிடம் வாங்கி நமக்குத் தருபவர் வங்கியைவிட மலிவாகத் தருவது அரிது. 30 லட்ச ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். அதுவே 11 சதவீதம் என்றால் சுமார் 30,966 ரூபாய்.

அப்படியிருந்தும் அங்கே போகிறவர்கள் ஏமாளிகள் அல்லர். சம்பளச் சீட்டோ போதிய வருமான வரிக் கணக்கோ இல்லாத மளிகைக் கடைக்காரரிடம் வங்கி தயங்கும்; சிறு கடன்களில் பழகிய நிதி நிறுவனமோ கடைக்கே ஆளனுப்பி, சரக்கையும் கொள்முதல் ரசீதுகளையும் பார்த்து வருமானத்தை மதிப்பிடும். கூடுதல் வட்டியில் ஒரு பங்கு இந்த உழைப்புக்கும் ஆபத்துக்குமான கூலி.

வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்ற வரம்பு இரண்டுக்கும் ஒன்றே: கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க இரு இடத்திலும் அபராதம் கிடையாது. ஆகவே வங்கி ஏற்காதவர் நிதி நிறுவனத்தில் தொடங்கி, வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து, தவணை தவறாமல் கட்டியபின் வங்கிக்கு மாறலாம். பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, அடமானப் பதிவு ஆகிய செலவுகளை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை முழுமையாகப் பொருந்தாது என்பதால், கையெழுத்திடுமுன் எந்த வகை வட்டி என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.