ஸ்கிம்மரில் பொருத்தும் சோடா லைம் ஸ்க்ரப்பர்: யாருக்குப் பயன்படும்?

பவளத் தொட்டி வளர்ப்போரில் பலரை அலைக்கழிக்கும் ஒரு சிக்கல் உண்டு. உப்பளவு, வெப்பநிலை, கால்சியம், ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்) எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிஎச் மட்டும் 7.8-ஐத் தாண்டாது. இதற்கெனச் சந்தையில் கிடைக்கும் ஸ்க்ரப்பர் ஒன்றை, அதாவது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கும் கருவியை, என் தொட்டியின் புரோட்டீன் ஸ்கிம்மரில் (குமிழிகளால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியில்) பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். கருவி சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால், அந்த வேலை தேவைப்படாத தொட்டிகளிலும் இதைப் பலர் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஆல்கலினிட்டி மாறாத நிலையில் பிஎச் 0.3 குறைந்தால், நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது என்று பொருள். திறந்த வெளிக்காற்றில் அந்த வாயு 420 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 420 பங்குக்கு) சற்று மேல். ஆட்கள் புழங்கும் மூடிய அறையிலோ 1000 பிபிஎம்-ஐ எளிதில் கடந்துவிடும். அந்த அறைக்காற்றைத்தான் ஸ்கிம்மர் இரவும் பகலும் இழுத்து, நுண்குமிழிகளாக்கி நீரில் கலக்கிறது. பிஎச் ஏற்றும் பொடிகளைக் கொட்டினால் ஆல்கலினிட்டிதான் ஏறிக்கொண்டே போகும். நீர் மீண்டும் அறைக்காற்றோடு சமநிலைக்கு வந்ததும், பிஎச் பெரும்பாலும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒளிபுகும் அக்ரிலிக் உருளை, இரு முனைகளிலும் குழாய் செருகும் மூக்கு, துகள்கள் வெளியேறாதிருக்கப் பஞ்சுத் தட்டு, திருகு மூடி, அவ்வளவே. உள்ளே நிரப்பும் சோடா லைம் துகள்களின் பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு. அது கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. நான் பயன்படுத்தும் வகையில் வெள்ளைத் துகள்கள் தீரத் தீர ஊதா நிறம் கொள்கின்றன. காற்று நுழையும் முனையிலிருந்து அந்த ஊதாப் பட்டை மெல்ல மேலேறுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. காற்றோட்டம் நின்றிருந்தால் ஊதா மங்கி மீண்டும் வெள்ளையாகத் தோன்றக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பித் துகள்கள் புதியன என்று முடிவு கட்டக் கூடாது.

பலனைப் பொறுத்தவரை, விளக்கு எரிவதற்குச் சற்று முன்பு, அதாவது பிஎச் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், 7.8-இல் நின்ற அளவு இப்போது 8.0-க்கு மேல் நிற்கிறது. மாலை உச்சம் 8.3-ஐ ஒட்டி வருகிறது. சன்னல்களைத் திறந்து வைத்த நாள்களில் கருவி இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துகள்கள்தான் தொடர்செலவு. நேராக அறைக்காற்றை இழுக்கவிட்டால் அவை வேகமாகத் தீர்கின்றன. ஸ்கிம்மர் கோப்பையின் மூடியிலிருந்து வெளிவரும் காற்றையே குழாய் வழியாக ஸ்க்ரப்பருக்குத் திருப்பிவிட்டால் அவற்றின் ஆயுள் வெகுவாக நீள்கிறது. அந்தக் காற்றில் ஈரம் இருப்பதும் நன்மையே. முற்றிலும் உலர்ந்த சோடா லைம் சரிவரச் செயல்படாது. ஆனால் ஈரம் குழாயில் நீராகத் தேங்கினால், காரமேறிய அந்த நீர் ஸ்கிம்மருக்குள் உறிஞ்சப்பட வாய்ப்புண்டு. ஆகவே குழாய் கீழே தொய்ந்து மேலேறும் இடத்தில் ஒரு நீர்ப்பொறி (தேங்கும் நீரைப் பிடித்து வைக்கும் சிறு கலன்) வைப்பது நல்லது. உருளை தரும் தடையால் காற்றின் அளவு குறைந்து நுரை மாறும் என்பதால், ஸ்கிம்மரின் நீர்மட்டத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

குறைகளில் முதன்மையானது மூடியின் ரப்பர் வளையம். கசிந்தால் சொட்டாது, ஓசையும் வராது. சுத்திகரிக்கப்படாத காற்று நைசாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். உருளையின் நுழைவு முனையை விரலால் அடைத்துப் பாருங்கள்: ஸ்கிம்மரில் குமிழிகள் நின்றுவிட வேண்டும், நிற்காவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. துகள்களின் தூசி தோலையும் கண்ணையும் அரிக்கும் என்ற எச்சரிக்கை பெட்டியில் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. கையுறை போட்டு, உதறித் தூசி நீக்கிய பிறகே நிரப்ப வேண்டும்.

வாங்குவதற்கு முன், ஒரு குவளைத் தொட்டி நீரை வீட்டுக்கு வெளியே வைத்துக் காற்று பம்பால் ஒரு மணி நேரம் குமிழியிட்டு பிஎச் பாருங்கள். பிறகு புதிதாக எடுத்த நீரில் அறைக்குள்ளேயே அதைச் செய்யுங்கள். வெளியே மட்டும் ஏறினால் குற்றம் அறைக்காற்றுடையது. இந்தக் கருவி கைகொடுக்கும். உள்ளேயும் ஏறினால் தொட்டியில் காற்றோட்டமே போதவில்லை. இரண்டிலும் ஏறாவிட்டால் ஆல்கலினிட்டியையும், பிஎச் மீட்டரின் அளவுத்திருத்தத்தையும் முதலில் சோதியுங்கள். பிஎச் ஏறியதும் பவளங்கள் எலும்புக்கூடு கட்டும் வேகம் கூடலாம். அப்போது ஆல்கலினிட்டி முன்னைவிட விரைவாகக் குறையும். பொருத்திய முதல் சில வாரங்களுக்கு அதை அடிக்கடி அளந்து, டோசிங் அளவை (ஆல்கலினிட்டியை ஈடுசெய்யச் சேர்க்கும் கரைசலின் அளவை) சிறிது சிறிதாக உயர்த்திக்கொள்ள வேண்டும்.