ஊசிக்கு 5 ஸ்டார், நூலுக்கு 2 ஸ்டார்
டிசம்பர்ல ஊட்டி போறோம்னு அக்கா பையனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆன்லைன்ல ஒரு கடைல 100 கிராம் அக்ரிலிக் நூல்கண்டு நாலும் 4 எம்எம் மூங்கில் ஊசியும் வாங்கினேன். ஊசி சூப்பர்ங்க, அலுமினிய ஊசி மாதிரி கண்ணி வழுக்கிட்டு ஓடல, டிக்டிக்னு சத்தமும் இல்ல, ராத்திரி டிவி பாத்துட்டே பின்னினா கூட பக்கத்துல தூங்குறவங்களுக்கு தெரியாது.

நூல்தான் சொதப்பல். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் முடிச்சுட்டு கை ஆரம்பிச்சா மூணாவது கண்டு ஒரு சாயல் வெளுப்பு, லேபிளப் பாத்தா டை லாட் நம்பரே வேற! ஒண்ணா சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே நம்பர் வரும், ஒரே ஆர்டர்ல ரெண்டு லாட்ட கலந்து அனுப்பிட்டு, கேட்டா "ரெண்டும் மெரூன்தானே மேடம்"னு பதில். அப்புறம் ரெண்டு வரிசைக்கு ஒரு கண்டுன்னு மாத்தி மாத்தி பின்னி ஒப்பேத்திட்டேன், கைல மட்டும் லேசா கோடு தெரியுது, பையன் அத டிசைன்னு நெனச்சு குஷியாயிட்டான்.

ஆங், அக்ரிலிக் மேல சூடா இஸ்திரி மட்டும் வெச்சிடாதீங்க, ஒரு குல்லாவ அப்படித்தான் தொளதொளன்னு ஆக்கி வெச்சிருக்கேன்.