மலைமேல் படை ஏறலாமா? வெஸ்னாத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள்

தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30. தெருவுக்குக் கரன்ட் திரும்பி வந்தபோது பொங்கல் நெருங்கிவிட்டது. நெட் அதற்கும் பிறகுதான். அந்த நாட்களில் புதுச்சேரியிலிருந்து வந்த மாமா பையன் பென்டிரைவில் கொண்டுவந்து என் கணினியில் ஏற்றியதுதான் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற ஃபேன்டஸிப் போர் விளையாட்டு. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், நெட் தேவையில்லை, ஒரே கணினி முன்னால் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து ஆடலாம். அன்று தொடங்கியவன் 1.18 பதிப்பு வரை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். படங்கள், இசை, கதை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இத்தனை வருடம் என்னைப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள மலை.

அதற்கு முன் நான் ஆடியது 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. அதில் மலை ஒரு சுவர். மேப்பில் அழகாக வரைந்திருப்பார்கள், கால் வைக்க முடியாது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும், அதை ஒரு பூதக் கூட்டம் காத்து நிற்கும். பறக்கும் மந்திரமோ தேவதைச் சிறகோ கிடைத்தால் மலைக்கு மேலே போகலாம், ஆனால் மலைமேலேயே நிற்க முடியாது. கெட்ட அமைப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கே காவல் போடவேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் அதோடு முடிந்தது. பத்தாவது முறை ஆடும்போதும் அதே சந்து, அதே காவல்.

வெஸ்னாத்தில் மலை ஏறலாம். யார் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து விலை மாறும். சாதாரண ஈட்டிவீரனுக்கு ஒரு டர்னுக்கு, அதாவது ஆடும் முறை ஒன்றுக்கு, 5 நகர்வுப் புள்ளி. சமவெளிக் கட்டத்துக்கு 1, குன்றுக்கு 2, மலைக்கு 3. அதாவது ஒரு டர்னில் ஒரே ஒரு மலைக் கட்டம்தான் ஏறுவான். மீதி 2 புள்ளியில் பக்கத்துக் குன்றில் இறங்கலாம், அடுத்த மலையில் ஏற முடியாது. பிறவியிலேயே வேகம் வாய்த்த வீரனுக்கு 6 புள்ளி, அவன் மட்டும் இரண்டு மலைக் கட்டம் தாண்டுவான். அந்த ஒற்றைப் புள்ளிக்காகவே அவனைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். குதிரைவீரனுக்கு 8 புள்ளி இருந்தும் மலையில் இடமே இல்லை, சுற்றித்தான் வரவேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் தெரியவே ஒரு வருடம் ஆனது. இந்த கேமில் ஒரு நாள் என்பது ஆறு டர்ன்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, அப்புறம் இரவு இரண்டு. ஈட்டிவீரன் பகலில் 25% அதிகமாக அடிப்பான், இரவில் 25% குறைவாக. மூன்று மலைக் கட்டம் அகலமுள்ள தொடரில் காலையில் ஏறத் தொடங்கினால் பிற்பகலில் இரண்டாவது கட்டம், அந்தியில் மூன்றாவது. கீழே இறங்கும்போது இருட்டிவிடும். இரவில் பலம் கூடுகிற ஓர்க் என்ற அரக்கர் படை அடிவாரத்தில் நிற்கும். மலை வாங்கிக்கொண்ட விலை நகர்வுப் புள்ளி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது வாங்கிக்கொண்டது பகல் வெளிச்சத்தை. அதிலிருந்து, எந்த நேரத்தில் ஏறினால் எந்த நேரத்தில் இறங்குவோம் என்று விரல் விட்டு எண்ணாமல் ஒரு வீரனையும் மலைமேல் அனுப்பியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் ஓர்க், மச்சான் குள்ளர். மேப்பின் நடுவே ஒரே ஒரு மலைக் கட்டம், அதில் அவனுடைய குள்ள வீரன் ஒருவன் ஏறி நின்றுவிட்டான். மலையில் குள்ளருக்குத் தற்காப்பு 70%, அதாவது நூறு வெட்டில் எழுபது படாது. என் ஓர்க் வீரன் ஒருவனுக்கு ஒரு சண்டையில் இரண்டு வெட்டு. இரண்டும் வீணாகப் போக 49% வாய்ப்பு. அதே குள்ளன் சமவெளியில் நின்றிருந்தால் அது வெறும் 9%. மூன்று பேர் சூழ்ந்து ஆறு வெட்டு வெட்டினோம், ஒன்றுதான் பட்டது.

“மச்சான், ஒழுங்கா கீழ இறங்கி வாடா.”

“நான் எதுக்கு இறங்கணும்? நீ சுத்திப் போ.”

சுற்றிப் போவதும் சுலபமில்லை. அவனை ஒட்டிய கட்டத்தில் கால் வைத்தாலே அந்த டர்னுக்கு நகர்வு நின்றுவிடும். ஒரே ஆள் என் படை முழுவதையும் இரண்டு இரவு கட்டிப்போட்டான். தோற்றேன். ஆனால் சுவராக நிற்கும் மலை இப்படி ஓர் ஆட்டத்தை எனக்குக் கொடுத்ததே இல்லை.

பறக்கிற டிரேக்குகள் (டிராகன் சாயல் வீரர்கள்) விஷயத்திலும் கணக்கை யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். மலையைத் தாண்ட அவற்றுக்கு 1 புள்ளி போதும். ஆனால் அங்கே தற்காப்பு 40%தான். தாண்டுவது லேசு, தங்குவது ஆபத்து. குள்ளருக்கு வீடாக இருக்கிற மலை டிரேக்குக்கு வெறும் வழி.

கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான், சைக்கிளில் மூச்சு வாங்க ஏறிவிடலாம். உண்மையான மலைக்கோட்டை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது செஞ்சி. மச்சானோடு ராஜகிரி ஏறினேன். பாதிப் படியிலேயே தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, நடுவே ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை எவனும் நெருங்க முடியாது. முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை மல்லுக்கட்டியது. 1750-இல் புதுச்சேரியிலிருந்து போன பிரெஞ்சுப் படை புஸ்ஸியின் தலைமையில் ஒரே இரவில் பிடித்துவிட்டது. அதே பாறை, அதே படி. யார் ஏறினார்கள், எப்போது ஏறினார்கள், மேலே யார் காத்திருந்தார்கள் என்பதுதான் மாறியது. ‘மலையில் ஏறவே முடியாது’ என்று எழுதி வைத்த கேமில் இந்த இரண்டு கதையுமே நடக்க வழியில்லை.

'சிவிலைசேஷன் 5' ஃபேன்டஸி இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அதில் மலை எல்லோருக்கும் மூடியிருக்கும், கார்த்தேஜுக்கு மட்டும் முதல் மாபெரும் தளபதி கிடைத்தபின் திறக்கும். டர்ன் முடியும்போது மலைமேல் நிற்கும் படை 100-இல் 50 உயிர்ப்புள்ளியை இழக்கும். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் கி.மு. 218-இல் ஆல்ப்ஸைத் தாண்டியபோது கொடுத்த விலை ஞாபகம் வரும். 'டொமினியன்ஸ்' விளையாட்டில் குளிர் வந்தால் கணவாய் மூடிக்கொள்கிறது, அதே குளிரில் ஆறு உறைந்து வழி திறக்கிறது. இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

வெஸ்னாத்தில் குறை இல்லாமலில்லை. கணினியை எதிராளியாக வைத்து ஆடினால் மலையின் அருமை அதற்குப் புரிவதில்லை. நாம் உச்சியில் உட்கார்ந்திருக்க, கீழே சமவெளியில் வந்து நின்று அடி வாங்கும். மேப் முழுக்க மலையாக இருந்தால் ஆட்டம் நத்தை வேகத்தில் நகரும், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரம் இழுக்கும். இன்னொன்று, மலை தன் மக்களுக்குச் சோறு போடுவதில்லை. மலைக் கட்டத்தில் கிராமம் இருந்தால்தான் பொன் வரும். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்புமலையில் உழாமலே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நான்கு கிடைக்கும் என்று கபிலர் பட்டியலே போட்டார். மலைவாசிகளை முற்றுகையால் பணிய வைக்க முடியாததற்கு அதுவும் காரணம். 'சிவிலைசேஷன் 6'-க்கு 2019-இல் வந்த விரிவாக்கத்தில் இன்கா மக்கள் மலைக் கட்டத்திலேயே உழைத்துப் பிழைப்பார்கள். குள்ளருக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

எல்லா மலையும் திறந்தே கிடக்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. வெஸ்னாத்திலேயே யாரும் ஏற முடியாத மலை என்று தனியாக ஒரு கட்டம் உண்டு, மேப் போடுகிறவர் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். போன வருடம் அதை வைத்து நானே செஞ்சி மேப் ஒன்று போட்டேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் முக்கோணமாக. ராஜகிரியைச் சுற்றி ஏற முடியாத பாறை, ஒரு பக்கம் மட்டும் ஐந்து மலைக் கட்டம் வரிசையாக மேலே போகும், கடைசியில் ஒரு பிளவும் தொங்கு பாலமும்.

இதுவரை ஏழு முறை ஆடியிருக்கிறோம், உச்சியில் இருந்தவன் ஏழு முறையும் ஜெயித்துவிட்டான். போன வாரம் மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்: “கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பாறையை எடுத்துட்டு மலையா மாத்து மச்சான், ராத்திரியில ஏறிப் பாக்குறேன்.” மாற்றிவிட்டேன். இந்த ஞாயிறு வருகிறான்.